பதினொன்று நாற்பதுக்கு உடைய வேண்டிய கால்

மீட்புக் குழு வந்து சேர்ந்தபோது காலை ஒன்பதேகால். அதுவரை யாருக்கும் எதுவும் ஆகியிருக்கவில்லை.

காத்தடி மேட்டில் முந்தின நாள் மாலையிலிருந்தே மழை. மேகம் இறங்கி வந்து கூடாரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. பத்தடி தள்ளியிருந்த பாறை தெரியவில்லை. கூடாரத்துக்குள் மூன்று பேர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கோயமுத்தூரில் பம்ப்செட் பட்டறை நடத்தி ஓய்ந்திருந்த நல்லசிவம், வயது ஐம்பத்தெட்டு. அவர் மனைவி சாந்தாமணி. அவர்கள் மகளைத் தன் மகனுக்குக் கட்டிக்கொண்ட சம்பந்தி, பல்லடம் பொன்னுச்சாமி.

கல்யாணமாகி நான்கு மாதம்தான். கல்யாணப் பந்தியில் சம்பந்திகள் இருவரும் தங்கள் முழங்கால்களைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டார்கள். அதைக் கேட்டிருந்த பிள்ளைகள் மலையேற்றத்துக்குச் சீட்டு எடுத்துக் கையில் கொடுத்தார்கள். வேண்டாமென்று முதலில் சொல்ல இருவருமே தயாராக இல்லை. சாந்தாமணிக்கு இருவர் மேலும் நம்பிக்கை இல்லாததால் அவளும் ஏறி வந்திருந்தாள்.

வெளியே யாரோ செருமினார்கள்.

"ஐயா, உள்ள வரலாங்களா? முன்மீட்புல இருந்து வாரோம்."

ஜிப்பைத் திறந்தால், தலை முதல் கால்வரை ஒழுகிக்கொண்டு இரண்டு பேர். முன்னால் நின்றவள் முப்பத்தைந்து வயதிருக்கும் மாயக்காள், மலைமேல் இருக்கும் மீட்புச் சாவடியின் பொறுப்பாளர். பின்னால் மடக்கிய ஸ்ட்ரெச்சரை முதுகில் கட்டியிருந்தவர் அவளுடைய உதவியாளர் ஒச்சப்பன்.

"எங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே," என்றார் நல்லசிவம்.

"இன்னும் ஆகலய்யா. பதினொண்ணு நாப்பதுக்குத்தான்."

மாயக்காள் கையிலிருந்த கருவியைத் துடைத்துக் காட்டினாள். 'நபர்: ஒருவர். விழுதல். இடது கால், முழங்காலுக்குக் கீழ் எலும்பு முறிவு. நேரம்: 11.40. உறுதி: 91 விழுக்காடு.'

"எங்க மூணு பேர்ல யாருங்க?" என்றாள் சாந்தாமணி.

"அது சொல்லாதும்மா. மூணு பட்டையும் ஒரே எடத்துல கெடந்தா பிரிக்கத் தெரியாது அதுக்கு."

மூவரும் தங்கள் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார்கள். அடிவாரச் சோதனைச் சாவடியில் சீட்டைக் காட்டியதும் கட்டிவிட்ட சாம்பல் நிறப் பட்டை.

"முந்தியெல்லாம் விழுந்தப்புறந்தான் எங்களுக்குத் தகவல் வரும்," என்றாள் மாயக்காள். "ஏறி வாரதுக்குள்ள பாதிப் பேரு போயிருவாக. இப்ப இந்தப் பட்டை உங்க நாடி, மூச்சு, முட்டி எம்புட்டு மடங்குது, செருப்பு எம்புட்டுத் தேஞ்சிருக்கு, ஒருத்தர் மேல ஒருத்தர் எம்புட்டுக் கோவமா இருக்கீக, எல்லாத்தையும் மழையோட சேத்துப் பாத்து முன்கூட்டியே சொல்லிருது."

"அப்பறம் என்னங்க பிரச்சனை? பதினொண்ணு நாப்பது வரைக்கும் இப்படியே உக்காந்துக்கறோம்," என்றார் பொன்னுச்சாமி.

மாயக்காளும் ஒச்சப்பனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒச்சப்பன் பேசாமல் அடுப்பைப் பற்றவைத்து வரக்காப்பிக்குத் தண்ணீர் வைத்தார்.

"உக்காரலாம்யா. உங்க கால். நாங்க ஒண்ணும் சொல்லக் கூடாது."

சாந்தாமணி விடவில்லை. "அந்த மூஞ்சி சரியில்லையே புள்ள. சொல்லு."

மாயக்காள் சொன்னாள். முதல் வருடம் அவர்கள் தடுத்தார்கள். கையைப் பிடித்தார்கள், கயிறு கட்டினார்கள், யாருமே விழவில்லை. உடனே அந்த இயந்திரம், தான் கணித்ததெல்லாம் தப்பு, இந்த மலையில் ஆபத்தே கிடையாது என்று முடிவுக்கு வந்துவிட்டது. பதினாலு சாவடியில் பதினொன்றை மூடினார்கள். மிச்சம் இருக்கும் மூன்றுக்கும் புது விதி. மீட்புக் குழு முன்கூட்டியே போகலாம், விஷயத்தைச் சொல்லலாம், பக்கத்தில் நிற்கலாம். விழுவதற்கு முன் கையை மட்டும் நீட்டக் கூடாது.

"மிசின் சொன்ன விபத்து மூணு தடவ நடக்காமப் போனா சாவடிய மூடிருவாக. எங்களுக்கு ரெண்டு ஆயிருச்சு. ரெண்டாவது என்னாலதான். ஒரு காலேஜ்ப் பிள்ள பாறை விளிம்புல தடுமாறுச்சு. பையப் புடிச்சு இழுத்துட்டேன். கை தானாப் போயிருச்சும்மா."

"மூடுனா மூடட்டும். சீட்டெடுத்து வர்றவங்க வேற மலைக்குப் போவாங்க," என்றார் பொன்னுச்சாமி.

"சீட்டெடுத்து வாரவுகளுக்காக நான் கவலப்படல. அங்கிட்டு ஈச்சங்கொடைண்டு மலைச்சனம் இருக்குற பளியர்குடி ஒண்ணு இருக்கு. நாப்பத்தி மூணு பேரு. பாம்பு கடிச்சாலும் பிரசவம்ண்டாலும் எங்க ஸ்ட்ரெச்சர்தான்."

ஒச்சப்பன் ஆளுக்கொரு டம்ளர் காப்பியை நீட்டினார்.

பொன்னுச்சாமி தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "பாருங்க சம்பந்தி. நீங்க பொண்ணு குடுத்தவங்க. உங்களுக்கு ஒரு செரமம் வர உடக் கூடாது. நானே உழுந்துக்கறனுங்க."

"அதெப்படீங்க?" நல்லசிவம் பதறிவிட்டார். "உங்களுக்குச் சக்கரை இருக்குது. எலும்பு லேசுல கூடாது. நாளைக்கு என்ர பொண்ணு எம்மூஞ்சியில முழிப்பாளா? நான்தான் உழுகோணும்."

"மரியாதையா இருக்காதுங்க."

"நீங்க உழுந்தாத்தானுங்க மரியாதையா இருக்காது."

"ரெண்டு பேரும் செத்த சும்மா இருக்கறீங்களா?" என்றாள் சாந்தாமணி. ஆனால் பொன்னுச்சாமி அதற்குள் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கூடாரத்துக்கு மேலே ஆள் உயரத்துக்கு ஒரு வழுக்குப் பாறை இருந்தது. பொன்னுச்சாமி அதில் ஏறி, குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு கண்ணை மூடி ஒரு காலைத் தூக்கினார். சறுக்கினார். ஒச்சப்பனின் கைகள் தாமாகவே முன்னால் போயின. அவர் அவற்றை இழுத்து அக்குளில் வைத்து இறுக்கிக்கொண்டார். பொன்னுச்சாமி பாறை முழுக்க வழுக்கி வந்து, சேற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்த நிலையில் நின்றார். ஒரு சிராய்ப்புகூட இல்லை.

அடுத்து நல்லசிவம். அவர் குதித்த இடத்தில் புல் மெத்தை மாதிரி இருந்தது. இரண்டாவது முறை குதித்ததில், இரண்டு வருடமாக அவரைப் படுத்திக்கொண்டிருந்த இடுப்புப் பிடிப்பு விட்டுப் போயிற்று. மூன்றாவது முறை இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்து இழுத்து, நீங்க இருங்க, நீங்க இருங்க என்று மல்லுக்கட்டியதில் யாருமே விழவில்லை.

"வேணும்ண்டு விழுந்தாச் சேராதுய்யா," என்று மாயக்காள் மழையில் கத்தினாள். "மனசு முன்னாடியே தயாராயிருச்சுண்டா பட்டைக்குத் தெரிஞ்சிரும். அது விபத்து இல்ல, வேண்டுதல்."

கருவியில் உறுதி 64 ஆகியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே 38 ஆயிற்று. மாயக்காள் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். யாரையும் குறைசொல்லவில்லை. கூடாரத்தின் வாசலில் உட்கார்ந்து தன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து, மறுபடி கட்டி, மறுபடி அவிழ்த்தாள்.

பதினொரு மணிக்கு மழைக்குள்ளிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். செருப்பில்லை. தலையில் உரச் சாக்கை முக்காடு மாதிரிக் கொங்காணியாகப் போட்டிருந்தாள். மாயக்காள் அவளைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

"பொம்மி, என்னாச்சு?"

"மாயக்கா, எங்க வீட்டாளு தேனெடுக்கப் போயி விழுந்துட்டாரு. காலு ஒடிஞ்சு எலும்பு தெரியிது. உன் சாவடிக்கு ஓடுனேன். 'முன்மீட்புக்குச் சென்றுள்ளோம்'னு போர்டு தொங்குது. யாருக்கு என்ன ஆச்சுக்கா இங்க?"

பொம்மி கூடாரத்தையும், காப்பி டம்ளர்களையும், சேறு பூசிய இரண்டு பெரியவர்களையும் பார்த்தாள்.

"இன்னும் ஒண்ணும் ஆகல தாயி," என்றார் ஒச்சப்பன். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தைகள் அவை.

"அப்ப வாங்க!"

மாயக்காள் அசையவில்லை. "பதினொண்ணு நாப்பது வரைக்கும் இவுகள விட்டுப் போனா சாவடிய இன்னைக்கே பூட்டிருவாக, பொம்மி. உன் புருசன் தவசி கையில பட்டை இல்ல. பட்டை இல்லாதவுகளுக்கு ஸ்ட்ரெச்சர விரிச்சா அது வேற கேசு. எப்பவும் ராத்திரிக்குத் தெரியாமத்தான் தூக்கிட்டுப் போவோம். இப்ப..."

"எந்தக் காலு?" என்று கேட்டாள் சாந்தாமணி.

பொம்மிக்குப் புரியவில்லை. தன் இடது காலைத் தொட்டுக் காட்டினாள். "இதுங்கம்மா. முட்டிக்குக் கீழ."

சாந்தாமணி கணவன் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, கையக் காட்டுங்க."

"எதுக்கு?"

"மிசினுக்கு ஒடைஞ்ச காலு ஒண்ணு வேணும். அங்க ஒடைஞ்ச காலு ஒண்ணு கெடக்குது. நீங்க ரெண்டு பேரும் பாறையில குதிச்சுட்டு நிக்கறீங்க. காட்டுங்க கைய."

பட்டையைக் கழற்றும் சாவி மாயக்காளிடம்தான் இருந்தது. அவள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

மேட்டைத் தாண்டி ஐந்து பேரும் பொம்மி பின்னால் ஓடினார்கள். தவசி ஒரு நாவல் மரத்தடியில் சாய்ந்து கிடந்தான். முப்பது வயதுக்காரன். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான், சத்தம் போடவில்லை. நல்லசிவத்தின் பட்டையை அவன் கையில் கட்டி, காலைப் பலகையில் வைத்து இழுத்துக் கட்டியபோதுதான் முதல் முறையாக அலறினான். அப்போது மணி பதினொன்று நாற்பத்திரண்டு. கருவி மணியடித்தது. 'விபத்து உறுதி. நபர்: நல்லசிவம். முன்கணிப்புப் பிழை: இரண்டு நிமிடம்.'

பொம்மி பிள்ளைகளை அக்கம்பக்கத்தில் விட்டுவிட்டுப் பின்னாலேயே வருவதாகச் சொல்லி ஓடினாள். ஸ்ட்ரெச்சரை மாயக்காள், ஒச்சப்பன், இரண்டு சம்பந்திகள் என நால்வரும் தூக்கினார்கள். பாதை ஓடையாகியிருந்தது. தவசியின் கையிலிருந்த பட்டை இனிமையான பெண் குரலில் பேசிக்கொண்டே வந்தது.

"நல்லசிவம் அவர்களே, தயவுசெய்து அசையாதீர்கள்."

ஒவ்வொரு முறையும் ஸ்ட்ரெச்சரின் பின் மூலையைப் பிடித்திருந்த நல்லசிவம் சட்டென்று நின்றார். மற்ற மூவரும் முன்னால் இழுபட்டார்கள்.

"உங்களச் சொல்லலீங்க சம்பந்தி, நடங்க," என்றார் பொன்னுச்சாமி.

"தெரியுதுங்க. பேரச் சொன்னா காலு நின்னுக்குது."

நாலரை மணிக்கு அடிவாரம். சோதனைச் சாவடிக் காவலர் ஸ்ட்ரெச்சருக்குக் குடை பிடிப்பதில் மும்முரமாக இருந்ததால், ஆட்களை எண்ணவில்லை.

ஆஸ்பத்திரியில் நல்லசிவத்தின் பெயரில் தனி அறை தயாராக இருந்தது. சீட்டோடு சேர்ந்த காப்பீடு அது. ஐம்பத்தெட்டு வயதில் இப்படியொரு எலும்பைத் தான் கண்டதில்லை என்று டாக்டர் தன் மாணவர்களைக் கூட்டிவந்து காட்டினார். மறுநாள் வந்து சேர்ந்த பொம்மியை நர்சுகள் 'சாந்தாமணிம்மா' என்று கூப்பிட்டார்கள். தவசிக்குக் கால் கூடியது.

கோயமுத்தூரில் நல்லசிவத்தின் பாடு அவ்வளவு சுலபமாக இல்லை. அவருடைய ஓட்டுநர் உரிமம் தானாக நின்றுபோயிற்று. தினமும் காலையில் போனில் ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்து, காலை இரண்டு அங்குலம் தூக்கச் சொன்னாள். தூக்கினால், "ரொம்பத் தூக்கறீங்க, வலிக்கும்," என்றாள். அடுக்குமாடி லிஃப்ட் பழுதானபோது படிக்கட்டுக் கதவு திறக்காமல், படியேறத் தகுதியற்றவர் என்று அவரைக் கீழேயே நிற்கவைத்தது. அவர் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது.

ஏழாவது வாரம் மாயக்காள் போன் செய்தாள். சாவடி தப்பித்துவிட்டது. ஆனால் அவள் குரலில் சந்தோஷம் இல்லை.

"விபத்தே நடக்காத குடிகள்ண்டு ஒரு பட்டியல் போட்டிருக்காகய்யா. ஈச்சங்கொடை அதுல மொத ஆளு. மருந்துப் பெட்டியும் வயர்லெஸ்ஸும் கேட்டு நாலு வருசமா எழுதிட்டிருந்தோம். இப்பத் தேவையில்லண்டு அடிச்சுட்டாக."

நல்லசிவம் அன்று சாப்பிடவில்லை. மறுநாளே சாந்தாமணியைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் மாவட்ட முன்மீட்பு அலுவலகத்துக்குப் போனார். வாசல் படியில் அவர் காலை வைத்ததும் உள்ளேயிருந்து மூன்று பேர் சக்கர நாற்காலியோடு ஓடிவந்தார்கள். வேண்டாமென்றால் மனம் நோகுமே என்று அவர் உட்கார்ந்துவிட்டார். ஆக, தன் கால் உடையவே இல்லை என்ற வாக்குமூலத்தை அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் கொடுக்க வேண்டியிருந்தது.

அதிகாரி இளம்பரிதி நல்ல மனிதர். முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார். நல்லசிவம் எழுந்து பத்துத் தோப்புக்கரணம் போட்டுக் காட்டியபோது கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சார், நான் நம்பறேன். உங்க கால் ஒடையலைன்னு எழுதிக்கறேன். எழுதினா, கணிப்பு தப்பு. மூணாவது தப்பு. சாவடிய நாளைக்கே மூடணும். ஒடைஞ்சதுன்னு விட்டுட்டா, ஈச்சங்கொடையில யாருமே விழல. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க. அவசரமில்ல."

நல்லசிவம் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவங்களுக்கும் பட்டை குடுத்தா என்னங்க?"

"பட்டை சீட்டு எடுத்தவங்களுக்கு மட்டும்தான் சார். சுற்றுலா நிதி."

சாந்தாமணி கேட்டாள்: "சீட்டு யாரு வேணா எடுக்கலாங்களா?"

"யாரு வேணா எடுக்கலாம்மா."

"எங்க போறதுக்கு?"

"மலையில எங்க வேணா. பத்து நாள் முகாம்."

அடுத்த வாரம் ஈச்சங்கொடையின் நாற்பத்து மூன்று பேரும் அடிவாரத்துக்கு இறங்கி வந்து, வரிசையில் நின்று, மலையேற்றச் சீட்டு வாங்கிக்கொண்டு தங்கள் வீட்டுக்கு ஏறிப்போனார்கள். சம்பந்திகள் இருவரும் சீட்டுச் செலவுக்குப் பொறுப்பேற்றுக்கொண்டார்கள். பத்து நாளைக்கு ஒருமுறை இறங்கி வந்து புதுச்சீட்டு வாங்க வேண்டும்.

பொம்மி முதல் நாளே சாந்தாமணியின் முன்னால் வந்து நின்றாள்.

"எங்க வீட்டுக்கு நாங்க போறதுக்குச் சீட்டாம்மா?"

சாந்தாமணிக்குத் தன் யோசனை மேல் இருந்த கர்வம் அந்த இடத்திலேயே போய்விட்டது. "ஆமா கண்ணு," என்றாள். "கேவலம்தான். வேற வழி எனக்குத் தெரியல."

பொம்மி கையை நீட்டிப் பட்டையைக் கட்டிக்கொண்டாள்.

மழை வலுத்த நாட்களில் ஈச்சங்கொடையின் நாற்பத்து மூன்று மணிக்கட்டுகளும் ஒரே நேரத்தில் பேசின. "வானிலை மோசமடைகிறது. முகாமைக் கலைத்துவிட்டு உடனே வீட்டுக்குத் திரும்புங்கள்." அடுப்படியில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பழகிவிட்டது.

ஆனால் மாயக்காள் இப்போது பகலிலேயே போனாள். பாம்பு கடிப்பதற்கு இருபது நிமிடம் முன்னால் மருந்தோடு போய் நின்றாள். காய்ச்சல் கண்ட கிழவரைக் கண்ணியமாகத் தூக்கி வந்தாள். மூன்று மாதத்தில் ஈச்சங்கொடை விபத்துப் பட்டியலில் ஏறியது. மருந்துப் பெட்டி வந்தது.

ஐப்பசியில் ஒரு நாள், சீட்டு மாற்றும் தேதி. நல்லசிவமும் சாந்தாமணியும் சோதனைச் சாவடியில் காத்திருந்தார்கள். நல்லசிவத்தின் கால் இன்னும் ஆறவில்லை என்பதால் அவரைக் கேட்டுக்கு உள்ளே விடுவதில்லை. அவருக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

பட்டப்பகல், ஆனால் மேகம் கேட்டுக் கம்பிவரை இறங்கியிருந்தது. அந்த மழைக்குள்ளிருந்து மாயக்காளும் ஒச்சப்பனும் இன்னும் இருவரும் ஸ்ட்ரெச்சரோடு இறங்கி வந்தார்கள். முந்தின நாளே கணிப்பு வந்துவிட்டிருந்தது. 'நபர்: ஒருவர், ராக்கு. வயிற்றில் கடும் வலி. உறுதி: 99.' அவர்கள் முந்தின நாளே போய்விட்டார்கள்.

ஈச்சங்கொடையின் ராக்கு கம்பளிக்குள் படுத்திருந்தாள். கண் மூடியிருந்தது, முகத்தில் களைப்பு. அவள் நெஞ்சின் மேல் துணிச் சுருள் ஒன்று அசைந்தது. வீறிட்டது.

ஆட்களை எண்ண அந்த மாதம் புதிதாக மாட்டியிருந்த கேட் திறக்கவில்லை. விளக்கு சிவப்பாக எரிந்தது. 'பதிவு: ஐந்து. வெளியேறுவோர்: ஆறு.'

காவலர் குடையோடு வந்து குனிந்து பார்த்தார். கையிலிருந்த நோட்டைப் புரட்டினார். முன்னும் பின்னும் தேடினார்.

"இந்த ஆளுக்குச் சீட்டு இல்லயேம்மா. இது எப்ப மேல போச்சு?"

"மேல போகலண்ணே," என்றாள் மாயக்காள். "மேலருந்துதான் வருது."

காவலர் நோட்டை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு, குடையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் கேட்டைத் தூக்கிப் பிடித்தார்.